முதல் பாடம்: நிற்பது

மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில், தஞ்சோங் எமாஸ் பூங்காவின் ஓரமாக நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை சமநிலமே தெரியும். ஜொகூரின் மிக உயரமான லேடாங் மலை வடக்கே தள்ளி நிற்கிறது. அதன் உயரம் 1,276 மீட்டர். அதன் உச்சியிலும் பனி பெய்ததில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 பாகை வடக்கே உள்ள ஊர் இது. இங்குப் பிறந்து வளரும் பிள்ளைக்கு உறைந்த நீர் அறிமுகமாவது பெரும்பாலும் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில்தான்.

ஆயினும், நீண்ட பள்ளி விடுமுறை வந்தால் மலேசியக் குடும்பங்கள் பல ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் தென்கொரியாவின் கங்வொன் பகுதிக்கும் பனி பார்க்கப் புறப்படுகின்றன. பனியைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துத் திரும்புவோர் ஒரு சாரார். சறுக்கிப் பார்க்க விரும்புவோர் மறு சாரார். இரண்டாவது சாராரிடம் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. பயணச்சீட்டு, விடுதி, கம்பளி உடை, வாடகைக் கருவிகள் என்று ஏற்கெனவே செலவு கூடிவிட்டிருக்கும். அந்நிலையில் இரண்டு மணி நேர வகுப்புக்குத் தனியே கட்டணம் கட்டுவது வீண் எனத் தோன்றிவிடுகிறது. "மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே செய்வோம்" என்று இழுவைக் கம்பி நாற்காலியில் ஏறி மேலே போய்விடுகிறார்கள். மேலே போவது எளிது. கீழே வருவதற்குத்தான் கல்வி வேண்டும்.

சரிவில் நிற்கும் மனித உடலுக்கு இயல்பாக ஓர் அச்சம் உண்டு. கீழே பள்ளம் தெரிந்தவுடன் உடல் பின்னோக்கிச் சாயும். வீட்டுப் படிக்கட்டிலோ ஈரமான மண்சரிவிலோ அது நல்ல பாதுகாப்புதான். காலில் நீண்ட சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டவருக்கோ அதுவே ஆபத்து. பின்னோக்கிச் சாய்ந்தால் பலகைகளின் முன்பகுதியில் எடை குறையும். எடை இல்லாத முன்பகுதி திரும்பச் சொன்னால் திரும்பாது. பலகைகள் நேராகக் கீழ்நோக்கி விரையும். வேகம் கூடக் கூட அச்சம் கூடும். அச்சம் கூடக் கூட உடல் இன்னும் பின்னே சாயும். இப்படி விழுபவர்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவதும், ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுவதால் கட்டைவிரல் மூட்டு பிசகுவதும் மருத்துவர்கள் நன்கறிந்த காயங்கள். தாம் விழுவதோடு, கீழே நிற்கும் வேறொருவர் மீது மோதுவதும் உண்டு.

எனவே, பனிச்சறுக்குப் பள்ளியின் வேலை வேகமாகப் போகக் கற்றுக்கொடுப்பது அன்று. உடல் தரும் தவறான அறிவுரையை மெல்ல மெல்ல மாற்றுவதே அதன் வேலை.

இத்தகைய பள்ளிகள் ஏன் தோன்றின என்பதைப் பார்த்தால் இது மேலும் விளங்கும். நார்வே நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அவை தேவைப்படவில்லை. ஆற்றோர மீனவர் வீட்டுப் பிள்ளை வகுப்புக்குப் போகாமலேயே துடுப்புப் போடக் கற்றுக்கொள்வதுபோல, அவர்கள் நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே சறுக்கவும் பழகினர். மத்திய ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் நிலைமை வேறு. அங்கே சரிவுகள் செங்குத்தானவை. சறுக்கும் வழக்கமோ பரம்பரையாக வந்ததன்று. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டு என்னும் ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நார்வே ஆய்வாளர் நான்சென் கிரீன்லாந்தைக் கடந்த கதையைப் படித்துவிட்டு, சறுக்குப் பலகைகளை வரவழைத்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தானே விழுந்து எழுந்து, பலகையின் நீளத்தைக் குறைத்து, காலணியை இணைக்கும் பிடிப்பை மாற்றி, ஒற்றை ஊன்றுகோலுடன் செங்குத்துச் சரிவில் இறங்கும் முறையை உருவாக்கினார். 1890களின் பிற்பகுதியில் அம்முறையை விளக்கி நூலும் எழுதினார். பனிச்சறுக்கைப் படிப்படியாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது இப்படித்தான்: பழக்கமில்லாத ஒருவர், பழக்கமில்லாத மற்றவர்களுக்காக.

ஆசியாவுக்கு அம்முறை வந்த வரலாற்றில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. 1902ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வட ஜப்பானின் ஹக்கோடா மலைப்பகுதிக்குக் குளிர்காலப் பயிற்சிக்காகச் சென்ற 210 படைவீரர்கள் பனிப்புயலில் சிக்கினர். அவர்களுள் 199 பேர் மாண்டனர். ஆழ்ந்த பனியில் நடமாடத் தெரிவது விளையாட்டுத் திறன் மட்டுமன்று, உயிர் காக்கும் திறன் என்பதை அந்நாட்டினர் இதைவிடக் கடுமையாக உணர வேண்டியிருக்கவில்லை. 1910ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரியான தியோடர் ஃபான் லெர்ஹ் ஜப்பானியப் படையைப் பற்றி அறிந்துகொள்ள அங்கு வந்தார். அவர் ஸ்டார்ஸ்கியின் முறையைக் கற்றவர். நீகாத்தா மாநிலத்தில் பனி மிகுதியாகப் பெய்யும் தக்காடா என்னும் ஊரில், 1911ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், ஜப்பானியப் படையினருக்கு அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். அவர் கையிலும் ஒற்றை ஊன்றுகோல்தான். அறிய வந்தவர் ஆசிரியராகிவிட்டார். தக்காடா இன்று ஜோயேட்சு நகரின் பகுதியாக இருக்கிறது. அங்குள்ள கனாயா குன்றில் லெர்ஹுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மலேசியர் இன்று வகுப்புக்குச் சேரும் ஜப்பானியப் பனிச்சறுக்குப் பள்ளிகளின் வரலாறு அக்குன்றிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

பாடத்திட்டம் என்று சொல்லத்தக்க ஒழுங்கை அதற்குத் தந்தவர் ஹானெஸ் ஷ்னைடர். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில் 1890இல் பிறந்த இவர், 17 வயதிலேயே சாங்க்ட் அன்டன் என்னும் மலையூரில் ஒரு விடுதியின் விருந்தினர்களுக்குப் பயிற்றுநராகச் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது மலைப்படை வீரர்களுக்குக் கற்பித்தார். குறுகிய காலத்தில் மிகப் பலருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நெருக்கடி அது. போருக்குப் பின், 1920களின் தொடக்கத்தில், சாங்க்ட் அன்டனில் தம் பள்ளியை நிறுவினார். மாணவர்களைத் திறனுக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்தார். ஒரு படியைச் சரியாகச் செய்பவரே அடுத்த வகுப்புக்கு மாற்றப்பட்டார். எல்லாப் பயிற்றுநர்களும் ஒரே வரிசையில், ஒரே முறையில் கற்பித்ததால், இன்று ஒருவரிடம் கற்றவர் நாளை இன்னொருவரிடம் குழப்பமின்றித் தொடர முடிந்தது. நம் பள்ளிகளில் முதலாம் படிவம், இரண்டாம் படிவம் என்று ஏறுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. 1938இல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டபோது ஷ்னைடர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் கற்பித்தார். அவருடைய மாணவர்களும் உடன் பணியாற்றியவர்களும் பல நாடுகளுக்குப் பரவியதால் முறையும் பரவியது.

இனி வகுப்புக்குள் செல்வோம். வெப்பநாட்டிலிருந்து வந்த ஒரு மாணவர் முதல்நாள் காலையில் என்னென்ன செய்கிறார்?

முதலில் காலணி. அது வெளியே கெட்டியான நெகிழியால் ஆனது. கணுக்காலை அசைய விடாமல் இறுக்கிப் பிடிக்கும். நடக்கும்போது ரோபோவைப் போல் நடக்க வேண்டியிருக்கும். புதியவர்கள் இதைக் குறை என்று எண்ணித் தளர்த்திவிடுவார்கள். பயிற்றுநர் மீண்டும் இறுக்கிவிடுவார். முழங்காலைச் சற்று மடித்து, கீழ்க்காலின் முன் எலும்பு காலணியின் முன்பக்கத்தில் அழுந்தும்படி நிற்கச் சொல்வார். அந்த அழுத்தம் நீங்கினால் உடல் பின்னே சாய்ந்துவிட்டது என்று பொருள். கண்ணாடியில் பார்க்காமலேயே தன் நிலையைத் தானே அறிந்துகொள்ள உதவும் எளிய அடையாளம் இது. அன்று முழுவதும் பயிற்றுநர் நூறு முறையாவது நினைவூட்டுவது இதைத்தான்.

பிறகு சமதளம். ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டிக்கொண்டு, மறு காலால் தள்ளித் தள்ளி வட்டமிடுவார்கள். பின் இரு கால்களிலும் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். சரிவே இல்லாத இடத்தில் அரைமணி நேரம் செலவிடுவது பொறுமையைச் சோதிக்கும். ஆனால், தன் காலின் நீளம் திடீரென ஒன்றரை மீட்டராகிவிட்டது என்பதை மூளை ஏற்றுக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும்.

அடுத்தது விழுதல். ஆம், விழுவதற்கும் பாடம் உண்டு. பின்னே உட்காரக் கூடாது. பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக, இடுப்பு பனியில் படும்படி விழ வேண்டும். கைகளை ஊன்றித் தடுக்க முயலக் கூடாது. விழுந்த பின், பலகைகளை உடலுக்குக் கீழே கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு எழ வேண்டும். குறுக்காக வைக்காமல் எழுபவர், நின்ற மறுகணமே சறுக்கத் தொடங்கி மறுபடியும் விழுவார். விழுந்து எழப் பழகிய மாணவரின் முகத்தில் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும். மீதிப் பாதிக்குத்தான் வகுப்பின் எஞ்சிய நேரம்.

'சரிவுக்குக் குறுக்காக' என்பதில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. சரிவின் ஓரிடத்தில் ஒரு பந்தை வைத்து விட்டால் அது எந்தத் திசையில் உருளுமோ, அதுவே சரிவுக்கோடு. பலகைகள் அக்கோட்டின் திசையில் இருந்தால் வேகம் மிகும். அதற்குக் குறுக்கே இருந்தால் நின்றுவிடும். மலையேறும்போதும் பலகைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, படியேறுவதுபோல் பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக ஏறலாம். அப்படி ஏறுகையில் பலகையின் விளிம்பு பனியைக் கவ்வுவதைக் கால் உணர்ந்துகொள்கிறது. அந்த விளிம்பில் எஃகுப் பட்டை பதித்துக் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர், ஆண்டு 1926. அதற்கு முன் வெறும் மரவிளிம்புதான்; இறுகிய பனியில் தேய்ந்து வழுக்கிவிடும். இன்றும் பல பலகைகளின் உட்பகுதி, மெல்லிய மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டியதே ஆகும். தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மூவாரில், ஒட்டுமரம் ஏன் ஒற்றை மரத்தைவிட எளிதில் கோணாது என்பதை விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது கடினமன்று.

இப்போதுதான் சறுக்கல். சரிவும் மிக மென்மையானது. கீழே சமதளத்தில் தானாகவே நின்றுவிடும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, ஆப்பு வடிவில் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் இரண்டு பலகைகளின் உள்விளிம்புகளும் பனியைச் சீவிக்கொண்டே வரும், வேகம் குறையும். அகட்டல் கூடினால் நின்றுவிடும். நின்ற பிறகுதான் மெல்லப் போக அனுமதி. போவதை முதலில் கற்றவர் நிற்பதைப் பதற்றத்தில் கற்க முயல்வார். நிற்பதை முதலில் கற்றவருக்கு, எந்தக் கணத்திலும் தன்னால் இதை முடித்துவிட முடியும் என்ற உறுதி இருக்கும். அதனால் அவர் உடல் இறுகுவதில்லை. பல நாடுகளில் சிறுவர்களுக்கு இந்த ஆப்பு வடிவத்தைப் 'பீட்சா' என்றும், பலகைகளை இணையாக வைப்பதைப் 'பொரித்த உருளைக்கிழங்கு' என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூவார்ப் பிள்ளைக்குச் 'சமோசா' என்றாலும் புரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கற்பிக்கும் முறை இங்கே பிரிகிறது. பெரியவர் காரணம் கேட்பார். பிள்ளை கேட்காது, பார்த்ததைச் செய்யும். ஆகவே, சிறுவர் வகுப்பில் பயிற்றுநர் அதிகம் பேசுவதில்லை. வாத்துக் கூட்டம்போல் தம் பின்னே வரிசையாக வரச் செய்வார். சில நேரம் பிள்ளைக்கு முன்னால், பின்புறமாகவே சறுக்கிக்கொண்டு, இரு கைகளையும் நீட்டி அழைத்துக்கொண்டே இறங்குவார். தன்னை நோக்கி நீண்ட கைகளைப் பார்க்கும் பிள்ளைக்குப் பள்ளம் கண்ணில் படுவதில்லை.

ஆப்பு வடிவில் நிற்கத் தெரிந்தவருக்கு அடுத்த பாடம் திரும்புதல். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்காலை அழுத்த வேண்டும். வலப்பக்கம் திரும்ப இடக்காலை. தலைகீழாகத் தோன்றினாலும் இது எல்லாருக்கும் பழக்கமான ஒன்றே. மூவாரிலிருந்து பத்து பகாட்டுக்குச் செல்லும் பேருந்து இடப்பக்கம் வளையும்போது, நின்றுகொண்டிருக்கும் பயணியின் உடல் வலப்பக்கம் தள்ளப்படுகிறது. அவர் வலக்காலை ஊன்றிச் சமாளிக்கிறார். வளைவின் வெளிப்புறக் காலே எடையைத் தாங்கும் கால்.

திரும்பும்போது ஒரு கணம் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும் வழியில் பலகைகள் சரிவுக்கோட்டின் திசையில், நேராகக் கீழ்நோக்கி நிற்கும். அரை நொடியோ ஒரு நொடியோதான். அந்தக் கணத்தில் அஞ்சிப் பின்வாங்குபவரின் திருப்பம் பாதியில் உடைந்துவிடும். அதைப் பொறுத்துக்கொண்டு, உடலைக் கீழ்நோக்கி ஒப்படைப்பவருக்குப் பலகைகள் தாமாகவே சுற்றி வந்துவிடும். புதிய மாணவரின் முன்னேற்றம் அனைத்தும் இந்த ஒரு நொடியில்தான் தீர்மானமாகிறது. கைகள் முன்னே இருந்தால் உடல் பின்னே போக முடியாது என்பதால், உணவுத் தட்டு ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி வருவதுபோல் பாவனை செய்யச் சொல்வது பயிற்றுநர்களின் வழக்கம். மூவார் மாணவர், விளிம்புவரை நிரம்பிய மீ பண்டுங் கிண்ணத்தை ஏந்தி வருவதாக எண்ணிக்கொள்ளலாம்.

அதன் பிறகு வருபவை வேகமாக நகரும். ஆப்பின் அகலம் சிறுகச் சிறுகக் குறையும். திருப்பத்தின் தொடக்கத்தில் மட்டும் ஆப்பு. முடிவில் பலகைகள் இணையாகும். இறுதியில் தொடக்கம் முதலே இணையாக இருக்கும். ஷ்னைடர் காலத்தில் இதற்குப் பல வாரங்கள் ஆகும். 1990களில், முனைகள் அகன்று இடை சிறுத்த பலகைகள் பரவிய பின், சாய்த்தவுடனேயே அவை வளைவாகச் செல்லத் தொடங்கியதால், கற்கும் காலமும் சுருங்கியது.

சரிவுகளை நிறத்தால் தரம் பிரித்திருப்பார்கள். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. நிறங்கள் எல்லா நாடுகளிலும் ஒரே பொருள் தருவதில்லை. ஜப்பானில் பச்சை எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். வட அமெரிக்காவில் நடுத்தரத்துக்கு நீலம். மாறாதது ஒரு விதி: மேலிருந்து வருபவரே கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். முன்னால் இருப்பவருக்கு முதுகில் கண் இல்லை.

இந்தியாவில் இக்கல்விக்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரின் குல்மார்க். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1948இல் அங்கே படைவீரர்களுக்கான பனிச்சறுக்குப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளியாகியது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் படையில் சேர்ந்து வடக்கு எல்லைக்குச் செல்பவர்கள் பனியை முதன்முதலாக வாலிப வயதில்தான் பார்க்கிறார்கள். பொதுமக்களுக்காக, இந்தியச் சுற்றுலா அமைச்சின்கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகமும் குல்மார்க்கில் இருக்கிறது. அவ்வூர்ப் பக்கத்தில் வளர்ந்து, தந்தையின் சறுக்குக் கருவிக் கடை வழியாக இளவயதிலேயே பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்று, பெருவளைவுச் சறுக்குப் பந்தயத்தில் 45ஆம் இடம் பெற்றார்.

மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கால் பதித்தது 2018இல், தென்கொரியாவின் பியோங்சாங் நகரில். பனித்தள நடனத்தில் ஜூலியன் யீயும், மலைச்சரிவுச் சறுக்கில் ஜெஃப்ரி வெப்பும் நாட்டுக் கொடியின்கீழ்ப் போட்டியிட்டனர். 2022இல் வெப்புடன் அருவின் சலேஹுடினும் சறுக்குப் போட்டியில் கலந்துகொண்டார். இருவரும் சறுக்கப் பயின்றது வெளிநாட்டில்தான். பனிமலை இல்லாத நாட்டுக்கு வேறு வழியில்லை. வெயிலிலேயே பனியை உருவாக்கிவிட்ட இடமும் உண்டு. துபாயின் ஒரு பேரங்காடிக்குள் 2005இல் திறக்கப்பட்ட உள்ளரங்கப் பனிச்சரிவில், வெளியே பாலைவன வெப்பம் தகிக்கும்போதும் உறைநிலைக்குக் கீழான குளிரில் சறுக்கு வகுப்பு நடக்கிறது.

மூவாரிலிருந்து செல்ல இருப்பவர் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே சிலவற்றைத் தொடங்கிவிடலாம். முழங்காலை மடித்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் அமர்வதுபோல் நிற்பது தொடைக்கு வலு சேர்க்கும். முதல்நாள் மாலையில் எல்லாருக்கும் வலிப்பது தொடைதான். ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவது சமநிலையைக் கூட்டும். சக்கரக் காலணி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு எடையைக் காலுக்குக் கால் மாற்றும் பழக்கம் ஏற்கெனவே கைவந்திருக்கும். வகுப்புக்கு முன்பதிவு செய்யும்போது, எந்த மொழியில் கற்பிப்பார்கள், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், தலைக்கவசம் வாடகையில் அடங்குமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்துவிடும். கம்பளிக் காலுறை ஒரே ஒரு சோடி, காலணிக்குள் மடிப்பு விழாமல் அணிந்தால் போதும்.